சூரியனுக்கு அந்தப் பக்கம்

போன மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தளத்தைப் புதுப்பிக்க வந்த கொத்தனார், வேலையைத் தொடங்கும் முன் கிழக்கு ஓரத்தில் குந்தி உட்கார்ந்து எதையோ விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இரண்டு தட்டோடுகள் சேரும் இடுக்கில் ஓர் இரும்பு ஆணி, கொண்டை மட்டும் வெளியே தெரிய, இறங்கியிருந்தது. அதிலிருந்து நாலு சாண் தள்ளி இன்னோர் இடுக்கில் ஒரு துளை. அங்கேயும் ஓர் ஆணி இருந்து போயிருக்கிறது. "கொடி கட்டுறதுன்னா சுவத்துல அடிப்பாக. தரையில ஆணி அடிச்ச வீட்டை இப்பத்தான்க்கா பார்க்கேன்" என்று சிரித்தார். கீழே என் அண்ணனின் அறைக் கூரையில் ஈரம் படர்வதற்கு அந்தத் துளைதான் காரணம் என்றும், மிச்சமிருக்கும் ஆணியையும் பிடுங்கி இரண்டையும் அடைத்துவிட்டால் பிறகு பயமில்லை என்றும் சொன்னார். நாளைக் காலையில் சொல்கிறேன் என்றேன். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லிப் பழகியவள் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் நகல் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஓர் எழுத்துப் பிசகினாலும் அங்கே நகல் நகலாகாது. அன்றன்று நடந்ததை அன்றன்றே டைரியில் எழுதி முடித்துவிட்டுத்தான் படுப்பேன். அன்று 'கொத்தனார் வந்தார்' என்பதற்கு மேல் எழுத ஓடவில்லை.

அந்த ஆணிகளை அடித்தவர் என் மதினி. அண்ணனின் மனைவி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். நூலின் கனத்தையும் முறுக்கையும், எவ்வளவு இழுத்தால் அறும் என்பதையும் பகலெல்லாம் அளந்துகொண்டிருப்பார். மாலையில் வீடு வரும்போது சேலையில், தலைமுடியில், சில நாள் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். கல்லூரியில் இயற்பியல் படித்தவர். படித்ததில் மில்லுக்கு உதவாத பகுதி அவரிடம் அப்படியே பாக்கி இருந்தது. அது மாலை ஏழு மணிக்கு மேல் அவரை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடும். அண்ணன் பட்டாளத்தில் இருந்தார். வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவில் வருவார். ஒரு லீவில் மதினிக்கென்று ஒரு பைனாகுலர் வாங்கி வந்தார். அதன் பிறகு மதினி மாடியிலிருந்து இறங்குவதே குறைந்துபோனது.

பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்த லீவில்தான் வால்வெள்ளி வந்தது. ஊரெல்லாம் வாசலுக்கு வந்து பார்க்கிற பெரிய வால்வெள்ளி இல்லை. வெறும் கண்ணுக்குத் தெரியாது, வாலும் கிடையாது. ஐந்தரை வருடத்துக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றிவிட்டுப் போகிற, மங்கலான, சின்ன ஒன்று. அதன் பாதையை எங்களுக்குக் காட்டுவதற்காகத்தான் மதினி தரையில் ஆணி அடித்தார். மில்லில் சோதித்துக் கழித்த நூலை முறுக்கி ஒரு வளையமாக முடிந்து, இரண்டு ஆணிகளையும் சுற்றி மாட்டி, அதற்குள் சாக்பீஸை நிறுத்தி நூல் தொய்யாமல் இழுத்தபடியே சுற்றி வந்தார். தட்டோட்டில் ஒரு நீள்வட்டம் விழுந்தது. ஓர் ஆணியைத் தொட்டு "இது சூரியன்" என்றார். அதைச் சுற்றி ஒரு சாணில் பூமிக்கு ஒரு சின்ன வட்டம் போட்டார்.

"சரி, அந்த ஆணி யாரு?" என்று அண்ணன் கேட்டார்.

"அங்க யாரும் இல்ல."

"யாரும் இல்லாத இடத்துக்கு எதுக்குட்டி ஆணி?"

"அது இல்லாட்டி இந்தக் கோடு வராது. வேணும்னா பிடுங்கிட்டு வரஞ்சு பாருங்க. வெறும் வட்டம்தான் வரும்."

"அப்ப அது நம்ம இடம்தான். வருஷத்துல பத்து மாசம் நான் அங்கதான இருக்கேன்" என்று சொல்லி அண்ணன் அந்த ஆணியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஆணிச் சத்தம் கேட்டு மூச்சிரைக்க ஏறி வந்த அம்மா, "வீட்டுத் தலையில ஆணி அடிக்கியளே, மழைத்தண்ணி இறங்குமே" என்று கத்தினார். சூரியன், பூமி எதையும் அவர் காதில் வாங்கவில்லை.

மதினி தினமும் கிழக்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிற பக்கமாகப் பைனாகுலரைத் திருப்பி அதைத் தேடுவார். கண்ட நாளில் இறங்கி வரும்போது முகமே வேறாக இருக்கும். "எனக்குப் போட்டியா ஒருத்தன் வந்திருக்கான்போல" என்று அண்ணன் சீண்டினார். "ஒருத்தன் கிருத்தன்னு சொல்லாதீங்க. அவிய உங்களுக்கு எம்புட்டோ மூத்தவிய" என்றார் மதினி. எங்கள் பக்கத்தில் பெண்கள் கணவரைக் குறிக்கிற மரியாதைச் சொல் அது. "பாரு, வருஷா வருஷம் வாரவன் நான். அஞ்சரை வருஷத்துக்கு ஒருக்க எட்டிப் பார்க்கிறவிய அவிய. ஆனா மரியாதை அம்புட்டும் அவியளுக்கு!" என்று அண்ணன் சொன்னதிலிருந்து அந்த வால்வெள்ளிக்கு எங்கள் வீட்டில் அதுவே பெயரானது. "அவிய வந்துட்டாவளா?" "இன்னைக்கு மேகம், அவிய ஆம்பிடல." இப்படியே அந்த லீவு முழுக்கப் பேச்சு ஓடியது.

அண்ணனும் ஒரு நாள் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். "தெரியுதா?" என்றார் மதினி. "தெரியுது தெரியுது." "எங்க, எப்படி இருக்குன்னு சொல்லுங்க." அண்ணன் பைனாகுலரை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பிறகு, "உன் சேலையில ஒட்டியிருக்கிற பஞ்சு மாதிரி. ஆனா உத்துப் பார்த்தா ஓடிருது. பார்க்காத மாதிரி இருந்தா வந்து நிக்குது" என்றார். மனைவியைக் கேலி செய்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். மதினி சிரிக்கவில்லை. அண்ணன் கையிலிருந்து பைனாகுலரை மெதுவாக வாங்கிக்கொண்டார். எனக்குப் பொறுமை இல்லை, நான் பார்க்காமலேயே இறங்கிவிட்டேன்.

லீவு முடிந்து அண்ணன் கிளம்பினார். மதுரையில் வண்டி மாறிவிட்டதாகப் போன் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவர் யூனிட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று அங்கிருந்து தகவல் வந்தபோதுதான் எங்களுக்கே தெரியும். வழியில் எந்த ஊரிலும் விபத்து இல்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் அவர் பெயர் இல்லை. லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்பாதவரைப் பிடிக்கிற முறைப்படி போலீஸ்காரர்களும் வந்தார்கள். எங்கள் சொந்தத்திலேயே பாதிப் பேர் போலீஸ் என்பதால் மரியாதையாகத்தான் பேசினார்கள். "வீட்டுக்கு வந்தா மறைக்காமச் சொல்லிருங்கம்மா" என்று மட்டும் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த 'மறைக்காம' என்ற வார்த்தை அம்மாவுக்குள் எங்கேயோ போய்த் தங்கிவிட்டது என்பதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை. பெட்டியோடு ரயிலேறிய ஓர் ஆள் நடுவழியில் எப்படி இல்லாமல் போவார் என்பதற்கு இன்று வரை எங்களிடம் பதில் கிடையாது. மதினி எங்களோடேயே இருந்தார். மில்லுக்குப் போனார், வந்தார். "அவிய காப்பிக்குச் சீனி கம்மியாப் போடுவாவ" என்று நிகழ்காலத்திலேயே பேசினார். அதை நாங்கள் யாரும் திருத்தவில்லை.

ஐந்தரை வருடம் கழித்து வால்வெள்ளி திரும்பி வருகிற பருவம் வந்தது. ஒரு நாள் மாலை மதினி என்னை மாடிக்கு அழைத்துப்போய்ப் பழைய ஆணிகளைச் சுற்றிப் புதிதாகக் கோடு போட்டுக் காட்டினார். ஐந்து வருடமாக இருந்தால் பூமி போன தடவை நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த அரை வருடம் கூடுவதால் இந்த முறை வட்டத்தின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. நடுவில் சூரியன். அது வரும், சூரியனை நெருங்கும், சுற்றிக்கொண்டு போகும். பூமியிலிருந்து எவர் கண்ணுக்கும் படாது. மேற்கே மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் மலை இருப்பதால் சூரியன் மறைவதே சீக்கிரம். மதினி அந்தப் பக்கம் கையை நீட்டி, "அவிய வந்துட்டாவ ஏட்டி. இப்ப மலைக்கு அந்தப் பக்கம் நிக்காவ. நம்ம கண்ணுல படாமயே வந்துட்டுப் போயிருவாவ" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. காய்ந்த துணி எடுக்க வந்த அம்மா படியில் நின்றிருந்தார். எதுவும் கேட்காமல் இறங்கிப் போனார்.

மறுநாள் நானும் மதினியும் வேலைக்குப் போன பிறகு அம்மா அண்ணனின் வேட்டி சட்டையை ஒரு துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு செங்கோட்டை பஸ் ஏறிவிட்டார். அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்து, மலையைத் தாண்டி ஆரியங்காவு வரை போயிருக்கிறார். நாங்கள் ஊரெல்லாம் தேடிவிட்டு வாசலில் நின்றபோது விளக்கு வைக்கிற நேரத்தில் தானாகவே திரும்பி வந்தார். கால் கழுவிக்கொண்டே, "அந்தப் பக்கம் போய்ப் பார்த்தா அங்கயும் மலைதான் நிக்குது" என்றார். பிறகு மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஒளிஞ்சிருக்கான்னு சொல்லிரு தாயி. நான் யார்ட்டயும் மூச்சு விடமாட்டேன். சட்டையை மட்டும் குடுத்துட்டு வந்துருதேன்" என்றார்.

மதினிக்குப் புரியவே செத்த நேரம் பிடித்தது. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அத்தை, நான் சொன்னது வானத்துல இருக்கிறவியள. நம்ம வீட்டு அவியள இல்ல" என்றார். அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் ஒரே பேரை வச்சா நான் என்னத்தக் கண்டேன்?" என்றார். துணிப்பை வாசற்படியிலேயே இரவு முழுக்க இருந்தது. அன்றிலிருந்து மதினி அந்தச் சொல்லைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். அண்ணனைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவார். வால்வெள்ளியைப் பற்றிப் பேசவே இல்லை. அது எங்கள் தலைக்கு மேலாகவோ காலுக்குக் கீழாகவோ, ஏதோ ஒரு பக்கம், வந்து போய்விட்டது.

உயிரோடு இருந்தால் கேள்விப்பட்டிருக்கக் கூடியவர்கள் ஏழு வருடமாக ஒருவரைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் மனைவி திருமணத்தை முடித்துக்கொள்ளக் கோரலாம். இந்த வாசகத்தை எத்தனையோ வழக்குகளில் நான் நகல் எடுத்திருக்கிறேன். ஏழு வருடம் முடிந்த பிறகு அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "நீ எம்புட்டு நாளைக்கு எங்க கூடக் கெடந்து வேகுவ தாயி. ஒரு முடிவு பண்ணிக்கோ." ஸ்ரீவில்லிபுத்தூரில் மனைவியை இழந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டிலிருந்து பேச்சு வந்திருந்தது. மதினி பல வாரம் யோசித்துவிட்டு மனுவில் கையெழுத்துப் போட்டார். அண்ணன்தான் எதிர்மனுதாரர். பத்திரிகையில் அறிவிப்பு வெளியானது. வாய்தா நாளில் நான் என் பிரிவில் சொல்லிவிட்டுப் போய் மதினிக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நீதிமன்றத்தில் ஒருவர் வந்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஒரு வழக்கம் உண்டு. டவாலி வராந்தாவுக்குப் போய் அவர் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார். மூன்றாவது முறைக்கும் பதில் இல்லையென்றால் வரவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். தினமும் கேட்டுக் கேட்டு அந்தக் குரல் எங்கள் காதில் விழுவதே இல்லை. அன்று விழுந்தது. ஏழு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கூப்பிடாத பெயரை, தெரியாத ஒருவர், அந்த முற்றத்து வேம்பைப் பார்த்து இழுத்துக் கூப்பிட்டார். ஒன்று. இரண்டு. மூன்றாவது முறை கூப்பிட்டு முடிப்பதற்குள் படிக்கட்டுப் பக்கமிருந்து ஓர் ஆண்குரல், "இந்தா வந்துட்டேன்யா, வந்துட்டேன்!" என்றது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. கக்கத்தில் ஒரு மஞ்சள் பையோடு, வியர்க்க விறுவிறுக்க, நடுவயசு ஆள் ஒருவர் வாசலில் வந்து கும்பிட்டார். வ. புதுப்பட்டி என்கிற ஊர்க்காரர். அண்ணனின் பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கிற பெயர்தான். "எந்த கேஸுய்யா நீ?" என்று டவாலி கேட்டார். "வேலித் தகராறுங்கய்யா. பஸ்ஸு லேட்டு." "அது பக்கத்து கோர்ட்டுய்யா. இங்க ஒரு பொண்டாட்டி புருசனைத் தேடுதாக. வாரியா?" கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்த ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டு பின்வாங்கினார். எதிர்மனுதாரர் மும்முறை அழைத்தும் ஆஜராகவில்லை என்று பதிவானது. நான் மதினியைப் பார்த்தேன். அந்தக் குரல் கேட்டபோது எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார், கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அழுத்திக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டியபடி.

பஸ் நிலையத்தில் நிற்கும்போதுதான் பேசினார். "நீ எந்திரிச்சியேட்டி. எனக்குத் தெரிஞ்சுது." ஆமாம் என்றேன். "எனக்கு எந்திரிக்கத் தோணல. ஐயோ வந்துட்டாவளேன்னு இருந்துச்சு. எந்தக் குரலுக்கு இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேனோ அதைக் கேட்டதும் பயந்துட்டேன். இனி நான் உங்க வீட்டுல இருக்கக் கூடாது." அவர் மேல் கோபம் வருமா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன், வரவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கும் அந்த ஆள் முகத்துக்கும் நடுவில் இருந்த சிறு இடைவெளியில் அண்ணன் உண்மையாகவே வந்து நின்றுவிட்டுப் போனதாக எனக்கு இன்றும் தோன்றுகிறது. மதினியின் முதுகுதான் வாசல் பக்கம் இருந்தது. எனக்கு வாசல் மட்டும் தெரிந்தது. இருவருமே அண்ணனைப் பார்க்கவில்லை.

பிறகு சாட்சிக் கூண்டில் நின்று, அண்ணனைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை என்று சொன்னேன். தீர்ப்பு வந்தது. மதினி தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது பைனாகுலரை என்னிடம் கொடுத்தார். "அடுத்த சுத்துக்கு நம்ம பக்கமா வரும். யாராவது ஒருத்தர் பார்க்கணும்ல" என்றார். அவர் போன சில நாளில் மாடிக்குப் போனபோது இரண்டு ஆணிகளில் ஒன்று இல்லை. ஞாபகத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாக்பீஸ் கோடுகள் எப்போதோ மழையில் போய்விட்டன. எடுத்துப்போனது சூரியனையா, மற்றதையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைக்கிற நான் அதை மட்டும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எதுவாக இருந்தால் என்ன, ஓர் ஆணியை வைத்து வட்டம்தான் போட முடியும். நெருங்காமலும் விலகாமலும் ஒரே தூரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற வட்டம். நானும் அம்மாவும் அப்படித்தான் இந்த வீட்டில் இருக்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் எப்போதாவது மதினியைச் சந்திப்பேன். பக்கத்தில் அவரை மணந்துகொண்ட அந்த ஆசிரியர் நிற்பார். நல்ல மனிதர். 'மதினி' என்று கூப்பிட வாய் வரும்; ஆசிரியர் முன்னால் அது முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடவும் பழக்கம் இல்லை. "நல்லாயிருக்கீங்களா" என்று எந்த உறவுமுறையும் சொல்லாமல் தொடங்கி அப்படியே முடித்துக்கொள்வேன்.

கொத்தனார் கேட்டுவிட்டுப் போன அன்று மாலைதான் வானம் தெளிந்திருந்தது. இந்த முறை வால்வெள்ளி நம் பக்கம். அம்மாவுக்கு இட்லியைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். போனில் வானத்தின் வரைபடத்தைத் திறந்து, இடம் பார்த்து, பைனாகுலரை வைத்தேன். ஒன்றும் இல்லை. கருப்பு மட்டும். மதினிக்குப் போன் செய்தேன்.

"அது தெரியுதா?" என்றார் எடுத்ததுமே. நான் எதற்குக் கூப்பிடுகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 'அது' என்றதை நான் கவனித்தேன்.

"இல்லையே. அந்த இடத்தைத்தான் பார்க்கேன்."

"நேராப் பார்க்காத. கொஞ்சம் தள்ளிப் பாரு. அங்க அக்கறை இல்லாத மாதிரி இரு."

தள்ளியிருந்த ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தேன். கண்ணின் ஓரத்தில், சேலையில் ஒட்டிய பஞ்சுபோல, சாம்பலாக ஒன்று வந்து நின்றது. சட்டென்று அதைத் திரும்பிப் பார்த்தேன். ஓடிவிட்டது. மறுபடி பார்க்காதவள்போல இருந்தேன். வந்து நின்றது. பதினோரு வருடத்துக்கு முன் இதே இடத்தில் அண்ணன் கேலி செய்யவில்லை, கண்டதைச் சொன்னார். மதினிக்கு அன்றே அது தெரிந்திருந்தது.

"தெரியிறாவ" என்றேன்.

போனில் அவருக்குப் பின்னால் ஆசிரியர் யாரென்று கேட்பதும், "ராஜபாளையத்துல இருந்து" என்று அவர் சொல்வதும் கேட்டது. வைக்கப் போகிறார் என்று தோன்றி, அவசரமாக, "அந்த ஆணியில நீங்க எடுத்துட்டுப் போனது எது?" என்று கேட்டேன்.

"ஆணியா? நான் எதையும் எடுக்கலையே. ரெண்டும் அங்கதான இருந்துச்சு" என்றார்.

கீழே இருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாருட்டி வந்திருக்கா?"

காலையில் கொத்தனாரிடம் அந்த ஆணி எப்படிப் போயிருக்கும் என்று கேட்டேன். துருப்பிடித்து விழுந்திருக்கும், காக்கா தூக்கியிருக்கும், எவனாவது கேபிள் ஆள் பிடுங்கியிருப்பான் என்று மூன்று காரணம் சொன்னார். மூன்றும் நடக்கக்கூடியவைதான். துளையை அடைக்க வேண்டாம், ஆணியையும் எடுக்க வேண்டாம், இரண்டையும் விட்டுவிட்டுச் சுற்றிலும் தளம் போடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"மழைத்தண்ணி இறங்கும்க்கா. பொறவு என்னைச் சொல்லக் கூடாது."

"இறங்கட்டும்" என்றேன்.